அருவியில் சந்தித்தோம் என்று சொல்லிவிட்டேன்

1

ஜூன் பிறந்தால் எனக்கு இரண்டு மழை. ஒன்று ஜன்னலுக்கு வெளியே, நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் நாங்கள் இருக்கும் இன்வர்கார்கிலில். பனிக்காற்றோடு சாய்ந்து அடிக்கும். நனைந்தால் ஒரு வாரத்துக்கு இருமல். இன்னொன்று போனுக்குள். இலஞ்சியிலிருந்தோ தென்காசியிலிருந்தோ யாராவது ஒருவர் "சாரல் ஆரம்பிச்சாச்சு" என்று வீடியோ அனுப்பிவிடுவார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மேகம் பாதி மறைத்த மலை. பதினான்கு வருஷமாக அதே படம்தான். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்க்காமல் போனை வைத்ததில்லை.

இந்த ஜூனில் எனக்கு வந்தது வீடியோ இல்லை, ஒரு அழைப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். ஊரில் இருப்பவர்கள் படித்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். அங்கே இருப்பவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட உட்கார வைப்பது என் பொறுப்பு. சேர்ந்த முதல் வாரம், தேநீர் இடைவேளையில் எல்லோரும் முந்தின நாள் டிவியில் வந்த ஏதோ ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட ஒரு குடும்பத்தைக் காட்டினார்களாம். ஒருத்தி உடம்பைச் சிலுப்பிக்கொண்டாள். இன்னொருத்தி, "அதெல்லாம் சட்டப்படி குற்றம் இல்லையா?" என்று கேட்டாள். நான் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தேன். அது ஊறி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

என் கணவர் குமார் என் அத்தை மகன். அப்பாவோடு கூடப்பிறந்த தங்கை சுப்புலட்சுமி அத்தையின் ஒரே பிள்ளை. அவர்கள் அச்சன்புதூர், நாங்கள் இலஞ்சி. நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தை தொட்டிலை எட்டிப் பார்த்து, "எம் மருமவ வந்துட்டா" என்றாளாம். எங்கள் காதல் கதை அவ்வளவுதான். ஊரில் இதை யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். முறைப்பையனைக் கட்டிக்கொண்டதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து எங்கள் மேலாளர் ஜேன், புதிதாக வந்தவளையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல மனசோடு, "ஷென், நீ உன் கணவரை எப்படிச் சந்தித்தாய்?" என்று கேட்டாள். செண்பகம் என்ற பெயர் இங்கே யார் வாயிலும் முழுதாக நுழைந்ததில்லை. ஏழு பேர் என்னையே பார்த்தார்கள்.

"ஒரு அருவியில்" என்றேன்.

அவர் வெளியூர்க்காரர், முன்பின் தெரியாதவர், சீசனுக்குக் குளிக்க வந்தவர். நான் ஐந்தருவியில் தண்ணீருக்கடியில் நின்று கண்ணைத் திறந்தேன், எதிரே அவர் நின்றார். நான் குளிரில் நடுங்கினேன், அவர் தன் துண்டை நீட்டினார். இத்தனையும் அரை நிமிஷத்தில் தங்குதடையில்லாமல் என் வாயிலிருந்து வந்தது. அதுவரை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச எனக்கு வியர்த்துக்கொட்டும். உடம்பைச் சிலுப்பினவள் "அய்யோ, எவ்வளவு அழகு" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் இல்லத்தில் மார்கரெட் என்று ஒரு பெண்மணி இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டியவர். தலையில் தண்ணீர் விழுந்தால் அவருக்குப் பயம். கை ஷவரைப் பார்த்தாலே நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவர் பிடியைத் தளர்த்த நான் அருவிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "துண்டு கொடுத்தானே, அந்த இடத்துக்கு வா" என்பார். அந்த இடம் வருவதற்குள் நான் தலைக்கு ஊற்றி முடித்திருப்பேன். வாரத்துக்கு மூன்று குளியல், மூன்று தடவை கதை. சொல்லச் சொல்ல அதற்குக் கை கால் முளைத்தது. மறுநாளும் அந்தத் துண்டுக்காரர் அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்தார் என்று ஒரு நாள் சேர்த்தேன். எங்கள் வீட்டில் எதிர்த்தார்கள் என்று இன்னொரு நாள். ஒரு பிப்ரவரியில், காதலர் தினத்துக்காக, இல்லத்துப் பலகையில் நீலக் காகிதத்தில் ஒரு பெரிய அருவியை வெட்டி ஒட்டினார்கள். அதற்கடியில் இரண்டு பொம்மைகள். ஒரு பொம்மைக்கு முழுப் புடவை, தலை நிறையப் பூ. அந்தக் கோலத்தில் அருவிக்குள் நிற்கிறேனாம்.

என் கணவரை நான் போனில் "அத்தான்" என்றுதான் கூப்பிடுவேன். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஆத்தன் எப்படி இருக்கிறார்?" என்று விசாரிப்பார்கள். நன்றாக இருக்கிறார் என்பேன். தினமும் நாலு தடவை எல்லோர் முன்னாலும் உண்மையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

3

மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதிக்குப் பதினேழு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்; சோறு வேண்டுமா என்பதற்கு மட்டும் தமிழில் "வேண்டாம்". போன வருஷம் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் மரமெல்லாம் மேலே போகப் போக விரிந்துகொண்டே போனது. அவளுடையது மேலே போய் ஒன்றாகக் கூடிவிட்டது. பென்சிலால் வரைந்ததை அழித்துக்கொண்டிருந்தவளிடம் நான் ஏதோ விளக்கப் போனேன்.

"விடும்மா. நானும் ஃபிரெண்ட்ஸ்கிட்ட வாட்டர்ஃபால்ஸ்னுதான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அப்பனும் அம்மையும் பிள்ளைக்கு எதையெதையோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் என் வெட்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே இதற்கு ஒரு முடிவு கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை.

4

மாமா போன பிறகு அத்தை அச்சன்புதூர் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். எங்கள் அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். போனில் அத்தை தன் மகனிடம் பால்மாடுகளைப் பற்றி விசாரிப்பாள். அவர் இங்கே ஒரு பால் பண்ணையில் இயந்திரத்தில் கறக்கிறார். அத்தனை மாட்டுக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான் என்பதை அவளால் கடைசிவரை நம்ப முடியவில்லை. பிறகு போன் என் கைக்கு வரும்.

"உன் மூஞ்சியைக் கொஞ்சம் கிட்டக்க காட்டுட்டி. எங்கண்ணன் மூஞ்சி அப்படியே உங்கிட்டதான் இருக்கு. சாவதுக்குள்ள நேர்ல ஒருவாட்டி பாத்துரணும்."

போன டிசம்பரில் அவளை மூன்று மாதம் இங்கே அழைத்து வருவதென்று முடிவு செய்தோம். மார்ச்சில் வந்தால் குளிர் தொடங்குமுன் ஊரைப் பார்க்கலாம். விண்ணப்பத்தை நிரப்பியது அத்தான். படிவம் என்றால் அவருக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி; ஒரு கட்டத்தையும் விடமாட்டார். விண்ணப்பிப்பவருக்கும் உங்கள் குடும்பத்துக்கும் வேறு உறவு உண்டா என்ற கேள்விக்கு, "என் மனைவியின் தந்தையுடைய தங்கையும் இவரே" என்று எழுதினார். கட்டத்துக்குள் இடம் போதவில்லை என்று தனித்தாள் வேறு இணைத்தார்.

விஷயம் தெரிந்து ஜேன், நான் கேட்காமலே, ஒரு ஆதரவுக் கடிதம் எழுதித் தந்தாள். இரண்டு பக்கம். முதல் பத்தியில் என்னை ஏகத்துக்குப் புகழ்ந்திருந்தாள். கூச்சமாக இருந்தது, மூடிவிட்டேன். அத்தானும் படிக்காமல் இணைத்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில்தான் அருவி இருந்தது.

5

ஜனவரி கடைசியில் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மறுப்பு இல்லை, விளக்கம் கேட்டிருந்தார்கள். அத்தான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"இது யாருட்டி ஆத்தன்?"

"நீங்கதான்."

"முன்பின் தெரியாத ரெண்டுபேரு அருவியில குளிக்கையில சந்திச்சாவன்னு ஒரு கடிதத்துல இருக்காம். ரெண்டுபேரும் சொந்தம்னு விண்ணப்பத்துல இருக்காம். எது உண்மைன்னு கேக்காவ." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பொம்பளையள் குளிக்குத பக்கம் எனக்கு என்ன சோலி? அதுவும் மாமா விசிலும் கையுமா நிக்கையில. தோலை உரிச்சிருப்பாவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது அவ்வளவு சரி. குற்றாலத்தில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட என் கதையில் வரவில்லை. அதை இல்லத்தில் யாரும் கேட்கவும் இல்லை. போதாக்குறைக்கு எங்கள் அப்பா போலீஸ்காரர். சீசன் மூன்று மாதமும் அவருக்கு அருவியில்தான் டூட்டி. எல்லை தாண்டி ஒரு தலை தெரிந்தாலும் விசில் ஊதிவிடுவார்.

அத்தான் சிரிக்கவில்லை. நான் முதல் வாரத்துத் தேநீரிலிருந்து காகித அருவிவரை ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அத்தை மவன்னு சொல்லுததுக்கு உனக்கு வெக்கமா இருந்துச்சோ?"

"அவுக எல்லாரும் ஒருமாதிரி பேசுனாவ, அத்தான்."

"அவுக பேசட்டும். நீ என்ன பேசுனே?"

எழுந்து வெளியே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பண்ணை பூட்ஸை இன்னொரு தடவை கழுவினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஜேனின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவள் தன் கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஷென்" என்றாள். அவளுக்கு வலித்தது அது ஒன்றுதான். உறவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கால் மணி நேரத்தில் புதுக் கடிதம் எழுதினாள்; தான் கேள்விப்பட்டதைத் தவறாக உண்மையென்று எழுதிவிட்டதாக. தப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். தேநீர் அறையிலும் நானே சொன்னேன். "ஓ" என்றார்கள். ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக விழித்தாள். பிறகு யாரோ பால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. முதல் வாரம் உடம்பைச் சிலுப்பினவள் வேலையை விட்டுப்போய் ஏழு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பயந்துதான் இத்தனையும்.

மார்கரெட் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ தப்பாகச் சொல்கிறாய். துண்டு எங்கே?" என்றார்.

6

உறவுக்கு அத்தாட்சி வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே ஒரே குடும்பம் என்று காட்டும் புகைப்படம் இருந்தால் நல்லது என்றாள் ஜேன். எங்களிடம் இருந்ததெல்லாம் கல்யாணப் படம். பழைய படங்கள் அத்தை வீட்டு பீரோவில். ஏன் வேண்டும் என்று அவளிடம் சொல்லித்தான் கேட்க முடியும். சொன்னேன்.

"அங்கன என்னை யாருன்னு சொல்லி வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"அவுக அம்மான்னு."

"அது சரி. உனக்கு?"

நான் பேச்சை மதியின் படிப்புக்கு மாற்றப் பார்த்தேன்.

"உனக்கு நான் யாருன்னு கேக்கேன். எங்கண்ணன் மவள்னு சொல்லிக்கிட உனக்கு என்னட்டி கொறச்சல்? அண்ணன் போயிட்டான்னு நீயும் என்னை அத்து விட்டுருவியா?"

போன் வைக்கப்பட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து அத்தை தன் மகனோடு மட்டும்தான் பேசினாள். போன் என் கைக்கு வருவதற்குள் "வேலை கெடக்கு" என்று வைத்துவிடுவாள்.

படம் ஐந்தருவியில் எடுத்தது. சீசனுக்கு அங்கே சுற்றும் போட்டோக்காரர் யாரோ எடுத்துக் கொடுத்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. ஈரத் தலையோடு அத்தை, அம்மா, நான், சித்திமார். டூட்டிக்கு நடுவே பத்து நிமிஷம் வந்து நிற்கும் அப்பா, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். இடது ஓரத்தில் ஒரு பையனின் முதுகு. கையில் பெரிய ஒயர் கூடை, அது நிறையச் செருப்பு.

அந்த முதுகுதான் அத்தான். பெண்கள் குளித்து உடை மாற்றி வரும்வரை செருப்புக்கும் சாமானுக்கும் காவல், அந்தப் பக்கம் திரும்பித்தான் நிற்க வேண்டும், அப்பா சொல்லாமல் திரும்பக்கூடாது என்பது உத்தரவு. நாங்கள் உடை மாற்றி வந்து, படத்துக்கு நின்று, போட்டோக்காரர் "தம்பி, இங்க பாரு" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. அப்பா சொல்ல மறந்துவிட்டார்.

அத்தான் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கடிதம் வந்த நாளிலிருந்து அளந்து பேசிக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"ஒம்போது ஜோடி. ஒண்ணும் தொலையலே, பாத்துக்கோ. உன் செருப்புதான் வலது வாரு அந்துபோயி கெடந்துச்சு. என் சட்டையில பொத்தானுக்குப் பதிலா ஊக்கு குத்தியிருந்தேன். அதைக் கழத்தி மாட்டிவிட்டேன்."

எனக்கு நினைவிருக்கிறது. அறுந்த செருப்போடு எப்படி நடப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டே அருவியிலிருந்து வந்தேன். வந்து பார்த்தால் வாரில் ஒரு ஊக்கு. அம்மா குத்தியது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத துண்டைப் பற்றி ஒன்பது வருஷம் பேசியவள் இந்த ஊக்கைப் பற்றி ஒரு தடவை கேட்டிருக்கலாம். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவர் தேநீர் போட்டு வைத்துவிட்டு மாடு பார்க்கப் போனார்.

படத்தின் கீழே, "இடது ஓரத்தில் முதுகு தெரிபவர் என் கணவர்" என்று எழுதி அனுப்பினோம்.

7

பிப்ரவரி போனது, மார்ச்சும் போனது. ஏப்ரல் தொடக்கத்தில் அத்தை பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து தென்காசியில் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் விசா வந்தது.

இனி நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். மதிக்குத் தேர்வு, எனக்கு லீவு இல்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பொய் இல்லையென்றால் மார்ச்சில் வந்து இந்த வீட்டில் இருந்திருப்பாள், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. விசா இன்னும் என் மின்னஞ்சலில் இருக்கிறது. அவ்வப்போது திறந்து அவள் பெயரைப் படிக்கிறேன்.

போன வாரம், மார்கரெட்டைக் குளிப்பாட்டிவிட்டுத் தேநீர் அறைக்கு வந்த நேரம் போன் அடித்தது. பேச்சியம்மாளின் நம்பர், வீடியோ அழைப்பு. எடுத்தால் திரை நிறைய அத்தை. பின்னால் ஒரே இரைச்சல். எனக்கு அந்த இரைச்சலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சியம்மாள் குடும்பம் வேனில் ஐந்தருவிக்குக் கிளம்பியிருக்கிறது, இவளும் கூட ஏறி வந்திருக்கிறாள். பழக்கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சாரல்.

"எல்லாரும் உள்ள குளிக்காளுவ. என்னால எங்க முடியுது? நான்தான் செருப்புக்குக் காவல்" என்று போனைக் கீழே திருப்பினாள். காலைச் சுற்றிலும் செருப்புகள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜேன் எட்டிப் பார்த்து யார் என்று கேட்டாள். நான் சொன்னேன்.

"அந்த வெள்ளைக்காரி என்னட்டி கேக்கா?"

"நீங்க யாருன்னு கேக்கா, அத்தே."

"நீ என்ன சொன்னே?"

"எங்கப்பா கூடப்பிறந்த தங்கச்சின்னேன்."

அத்தை மடியிலிருந்த ஊன்றுகோலைச் சரியாக வைத்துக்கொண்டாள்.

"வேற?"

"அவுக அம்மான்னும் சொன்னேன்."

"அதைப் பெறவு சொன்னாப் போதும்" என்றாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுவந்தாள். "சரி, நீ எப்ப வாரே? வந்து உன் செருப்பையும் இங்கன போட்டுட்டுப் போய்க் குளி. நான் பாத்துக்கிடுதேன்."

குனிந்து பார்த்தேன். என் காலில் இல்லத்தில் கொடுத்த ரப்பர் ஷூ, மார்கரெட்டைக் குளிப்பாட்டிய ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.